இரு வல்லரசுகளுக்கு நடுவே ஓர் இளவரசன்



ஆல்ப்ஸ் மலையை யானைகளோடு கடந்த ஹன்னிபாலைப் பற்றி நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பார்கள். அந்த மாவீரனைத் தோற்கடித்தவன் ரோமாபுரியின் சிப்பியோ என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால், அந்த வெற்றிக்குப் பெரிதும் துணை நின்ற மூன்றாம் மனிதன் ஒருவன் உண்டு. அவன் பெயர் மசினிசா. ஒரு காலத்தில் கார்த்தேஜுக்காக வாளேந்தி, பிறகு அதே கார்த்தேஜை வீழ்த்த உதவிய இளவரசன் அவன். அவனைத் துரோகி என்பாரும் உண்டு; நாட்டை உருவாக்கிய மன்னன் என்பாரும் உண்டு. இந்த இரண்டில் எது சரி? இன்றைய உரையில் ஆராய்வோம்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். ஆப்பிரிக்காவின் வட கரையில், இன்றைய துனீசியாவில் இருந்தது கார்த்தேஜ் நகரம். கடல் வணிகத்தால் செல்வம் கொழித்த நகரம் அது. அதற்கு மேற்கே, இன்றைய அல்ஜீரியாப் பகுதியில் நுமிடியர்கள் வாழ்ந்தார்கள். குதிரைக்குக் கடிவாளம் இல்லாமலேயே சவாரி செய்யக்கூடியவர்கள் அவர்கள். அவர்களிடையே இரண்டு அரசுகள் இருந்தன. கிழக்கே மசில்லி மக்களின் அரசு. மேற்கே மசேசில்லி மக்களின் அரசு. கிழக்கு அரசின் மன்னன் காயா. அவனுடைய மகன்தான் மசினிசா. மேற்கு அரசின் மன்னன் சிபாக்ஸ்.

கி.மு. 218ஆம் ஆண்டில் ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் இரண்டாம் முறையாகப் போர் மூண்டது. கி.மு. 216இல் கன்னே என்னும் இடத்தில் ஹன்னிபால் ரோமானியப் படையை அழித்தபோது, நுமிடியக் குதிரை வீரர்கள் அவன் பக்கம் நின்று போரிட்டார்கள். அந்தக் குதிரைப்படை யார் கையில் இருக்கிறதோ, வெற்றியும் அவர் பக்கமே சாயும் என்பதை இரு வல்லரசுகளும் உணர்ந்துகொண்டன. ஆகவே இரு தரப்பும் நுமிடிய அரசர்களை இழுக்கத் தொடங்கின.

நேயர்களே, இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். கி.மு. 213இல் சிபாக்ஸ் ரோமின் நண்பன். மசினிசாவோ கார்த்தேஜின் நண்பன். பத்தே ஆண்டுகளில் இருவரும் இடம் மாறிவிட்டார்கள். சிபாக்ஸ் கார்த்தேஜின் பக்கம். மசினிசா ரோமின் பக்கம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்பவரை நாம் பழிக்கிறோம். இங்கே இருவருமே காலை மாற்றி வைத்தவர்கள்தாம். ஏன் மாறினார்கள் என்பதே கேள்வி.

மசினிசா கார்த்தேஜில் வளர்ந்தவன். இளம் வயதிலேயே ஸ்பெயினுக்குச் சென்று, கார்த்தேஜுக்காக ரோமானியரை எதிர்த்தான். கி.மு. 211இல் அங்கே ரோமானியத் தளபதிகள் இருவர் மாண்டனர். சிப்பியோவின் தந்தையும் பெரிய தந்தையுமே அந்த இருவர். அவர்களை வீழ்த்தியதில் மசினிசாவின் குதிரைப்படைக்கும் பங்கு உண்டு.

பிறகு காற்று திசை மாறியது. இளைய சிப்பியோ ஸ்பெயினில் அடுத்தடுத்து வென்றான். ஒரு போரில் மசினிசாவின் உறவினனான சிறுவன் ஒருவன் பிடிபட்டான். சிப்பியோ அவனை அடிமையாக விற்காமல், பரிசுகள் கொடுத்துத் திருப்பி அனுப்பினான். கி.மு. 206இல் இலிப்பா என்னும் இடத்தில் கார்த்தேஜின் படை முறிந்தது. அதன் பின் மசினிசா இரகசியமாகச் சிப்பியோவைச் சந்தித்து, ரோமுக்குத் துணை நிற்பதாக வாக்களித்தான். நன்றியும் இருந்திருக்கலாம், தோற்கும் கப்பலிலிருந்து இறங்கும் எண்ணமும் இருந்திருக்கலாம்.

ஆனால், ஊர் திரும்பியவனுக்கு அரியணை காத்திருக்கவில்லை. தந்தை காயா இறந்துவிட்டான். உறவினர்களிடையே ஆட்சிக்காகக் கொலையும் சண்டையும் நடந்தன. மசினிசா போராடி அரசைப் பெற்றான். உடனே கார்த்தேஜின் தூண்டுதலால் சிபாக்ஸ் படையெடுத்து வந்து அதைப் பறித்தான். மசினிசா மலைகளில் ஒளிந்து திரிந்தான். ஒருமுறை காயத்தோடு ஆற்றில் குதித்துத் தப்பினான். குகையொன்றில் படுத்து, பச்சிலை வைத்துப் புண்ணை ஆற்றினான். அவன் இறந்துவிட்டான் என்ற செய்தியே நாடெங்கும் பரவியது என்று ரோமானிய ஆசிரியர் லிவி எழுதுகிறார்.

சிபாக்ஸ் ஏன் கார்த்தேஜின் பக்கம் சென்றான்? கார்த்தேஜின் தளபதி ஹஸ்துருபால், தன் மகள் சோபோனிஸ்பாவை அவனுக்கு மணமுடித்து வைத்தான். அழகும் கல்வியும் நிறைந்த அந்தப் பெண் முதலில் மசினிசாவுக்கே நிச்சயிக்கப்பட்டவள் என்று அப்பியன் என்ற பழைய ஆசிரியர் கூறுகிறார். அரசியல் சதுரங்கத்தில் அவளை ஒரு காயாக நகர்த்தினார்கள்.

கி.மு. 204இல் சிப்பியோ ஆப்பிரிக்கக் கரையில் இறங்கினான். நாடிழந்த மசினிசா, தன்னிடம் எஞ்சிய சிறு குதிரைப்படையோடு அவனிடம் வந்து சேர்ந்தான். அடுத்த ஆண்டு சிபாக்ஸ் சிறைபிடிக்கப்பட்டான். அவனுடைய தலைநகரான சீர்த்தாவுக்குள் மசினிசா நுழைந்தான். அரண்மனை வாசலில் சோபோனிஸ்பா அவன் காலில் விழுந்து, தன்னை உயிரோடு ரோமானியர் கையில் ஒப்படைக்க வேண்டாம் என்று மன்றாடினாள். மசினிசா வாக்குக் கொடுத்தான். அன்றைக்கே அவளை மணந்தும் கொண்டான்.

சிப்பியோ இதை ஏற்கவில்லை. அவள் ரோமின் கைதி என்றான். மசினிசா என்ன செய்தான் தெரியுமா? மனைவியை மீட்கவும் முடியவில்லை. வாக்கை மீறவும் மனமில்லை. ஒரு கிண்ணத்தில் நஞ்சை அனுப்பி வைத்தான். அவள் கலங்காமல் அதை வாங்கிக் குடித்தாள். மறுநாள் சிப்பியோ படை முழுவதும் கூடியிருந்த அவையில் மசினிசாவை மன்னன் என்று அழைத்து, பொன்முடியும் தந்தக் கோலும் வழங்கினான். வல்லரசின் நட்புக்கு என்ன விலை என்பதை அந்த இரண்டு நாட்களே காட்டிவிடுகின்றன.

கி.மு. 202இல் ஜாமாவில் இறுதிப் போர் நடந்தது. ஹன்னிபாலிடம் எண்பதுக்கு மேற்பட்ட யானைகள் இருந்தன. மசினிசா 6,000 காலாட்களும் 4,000 குதிரை வீரர்களும் கொண்டு வந்தான். அவனுடைய குதிரைப்படை எதிரியின் குதிரைப்படையைத் துரத்திவிட்டுத் திரும்பி வந்து, ஹன்னிபாலின் படையைப் பின்புறமாகத் தாக்கியது. அத்தோடு போர் முடிந்தது. கன்னேயில் ஹன்னிபாலுக்கு வெற்றி தேடித் தந்த நுமிடியக் குதிரைகள், ஜாமாவில் அவனுக்குத் தோல்வியைக் கொண்டு வந்தன.

அடுத்த ஆண்டு செய்யப்பட்ட உடன்படிக்கையில், ரோமின் அனுமதியின்றிக் கார்த்தேஜ் போர் தொடுக்கக் கூடாது என்று எழுதப்பட்டது. மசினிசா இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டான். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கார்த்தேஜின் நிலங்களைச் சிறிது சிறிதாகப் பறித்தான். கார்த்தேஜ் முறையிடும்போதெல்லாம் ரோமானியத் தூதர்கள் பெரும்பாலும் அவனுக்கே சாதகமாக நடந்தார்கள். பொறுமையிழந்த கார்த்தேஜ் கி.மு. 150இல் அவனை எதிர்த்துப் போரிட்டுத் தோற்றது. அதையே காரணமாகக் காட்டி ரோம் படையெடுத்தது. கி.மு. 146இல் கார்த்தேஜ் தீக்கிரையானது. அதைக் காணாமலே, கி.மு. 148இல், ஏறக்குறைய தொண்ணூறு வயதில் மசினிசா இறந்தான். தான் பறிக்க நினைத்த கனியை ரோம் பறிப்பதைக் கண்டு இறுதி நாட்களில் அவன் மனம் கசந்தான் என்பார்கள்.

அவனுடைய நற்செயலையும் சொல்லத்தான் வேண்டும். நுமிடியா எதுவும் விளையாத மண் என்று எல்லாரும் எண்ணியிருந்தார்கள். அங்கே எல்லாப் பயிரும் விளையும் என்று மசினிசா காட்டினான் என்று, அவனை நேரில் சந்தித்த பாலிபியஸ் பாராட்டி எழுதியிருக்கிறார். இரண்டாகக் கிடந்த நுமிடியர்களை அவன் ஒரே அரசின் கீழ்க் கொண்டு வந்தான். அவன் இறந்து சில ஆண்டுகளில், இன்றைய துனீசியாவின் துக்கா நகர மக்கள் அவனுக்காக ஒரு கோயில் எழுப்பினார்கள். அதன் கல்வெட்டு கார்த்தேஜின் மொழியிலும் நுமிடியர்களின் சொந்த மொழியிலும் பொறிக்கப்பட்டது.

ஆனால், கடன் வாங்கிய பலம் நிலைக்கவில்லை. அவன் பேரன் ஜுகுர்த்தா ரோமை எதிர்த்துப் போரிட்டான். கி.மு. 105இல் சொந்த மாமனாரே அவனை ரோமானியரிடம் பிடித்துக் கொடுத்தான். கி.மு. 46இல் ஜூலியஸ் சீசர் நுமிடியாவை ரோமின் மாகாணமாக்கினார். கார்த்தேஜ் என்ற வேலி அழிந்த நூறே ஆண்டில் தோட்டமும் பறிபோயிற்று.

மசினிசா துரோகியா? கார்த்தேஜ் மக்களைக் கேட்டால் ஆம் என்றிருப்பார்கள். ஆனால், அவர்கள் எழுதிய வரலாற்று நூல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. நம் கையில் இருப்பவை வென்ற பக்கத்தார் எழுதியவையே. அவற்றில் அவன் விசுவாசமுள்ள நண்பன். இன்றைய அல்ஜீரியாவிலோ அவன் போற்றத்தக்க முன்னோன். ஒரே மனிதனுக்கு மூன்று பெயர்கள்! ஒருவனைத் துரோகி என்றோ தியாகி என்றோ ஏட்டில் படிக்கும்போது, அந்த ஏட்டை எழுதியவர் யார் என்று கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்போம்.

இன்னொன்றையும் நினைவில் வைப்போம். இரண்டு பெரியவர்கள் சண்டையிடும்போது, இரு தரப்பும் சிறியவனிடம் இனிக்கப் பேசுவார்கள். சண்டை முடிந்ததும் சிறியவனுக்குச் சொந்தமாக எஞ்சுவது, அவன் தன் மண்ணில் விளைவித்ததும் தன் மக்களை ஒன்று சேர்த்ததும் மட்டுமே. மசினிசா பெற்ற பொன்முடி போய்விட்டது. அவன் பெயரைத் தாங்கிய அந்தக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது.