வலிபோக்கும் மருந்தும் வயிற்றுப்புண்ணும்

நோயைத் தணிக்கப் பிறந்த மருந்தே வேறொரு நோய்க்கு வித்தாவதும் உண்டு. ஆஸ்பிரின் மாத்திரையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

வில்லோ மரப்பட்டையின் தூள் குளிர்காய்ச்சலைத் தணிக்கும் என்பதை 1763-ஆம் ஆண்டில் எட்வர்டு ஸ்டோன் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் இலண்டன் அரச கழகத்திற்கு எழுதி அறிவித்தார். அடுத்த நூற்றாண்டில் வேதியியலார் அப்பட்டையின் சத்தை ஆராய்ந்து சாலிசிலிக் அமிலத்தைக் கண்டனர். மூட்டுவாதத்தால் துன்புற்றோர்க்கு அது பெருந்துணையாயிற்று. ஆயினும் உட்கொண்டோரைக் குமட்டலும் வயிற்றெரிச்சலும் வாட்டின. இக்குறையைக் களைய விழைந்த செருமானிய நாட்டுப் பாயர் நிறுவனத்தில், ஃபெலிக்ஸ் ஹோஃப்மன் 1897-இல் தூய அசிட்டைல் சாலிசிலிக் அமிலத்தை உருவாக்கினார். 1899-இல் அது ஆஸ்பிரின் என்னும் பெயர் பெற்று உலகெங்கும் பரவத் தொடங்கிற்று.

வயிற்றுக்கு இதமானது என்று நம்பப்பட்ட அம்மருந்தின் மறுபக்கம் 1938-இல் வெளிப்பட்டது. இலண்டன் மருத்துவர்களான டௌத்வெயிட்டும் லின்டாட்டும் குழாய்க் கருவியின் வழியே நோயாளரின் இரைப்பையை நோக்கினர். ஆஸ்பிரின் துணுக்குகள் படிந்த இடங்களில் உட்சுவர் சிவந்து புண்பட்டிருக்கக் கண்டனர்.

இதன் உண்மைக் காரணத்தை 1971-இல் ஜான் வேன் விளக்கினார். அப்பணிக்காக 1982-இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். உடலில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் வலியையும் வீக்கத்தையும் மிகுவிக்கிறது. அதே பொருள்தான் இரைப்பையில் சளிப்படலத்தைப் பேணி, அமிலத்திலிருந்து சுவரைக் காக்கிறது. மருந்து அதன் உற்பத்தியைத் தடுக்கும்போது வலி குறைகிறது; காவலும் குறைகிறது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் முதலியனவும் இவ்வழியே செயற்படுவன. மாத்திரைக்கு மேலுறை இட்டாலும், ஊசியாகச் செலுத்தினாலும், குருதியில் கலந்தபின் இவ்விளைவு நேரக்கூடும். சிறுகுடலும் இதற்கு விலக்கன்று.

வயிற்றைக் காத்து வலியை மட்டும் போக்கும் நோக்குடன் 1999-இல் ரோஃபெகாக்சிப் விற்பனைக்கு வந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் மிகுந்தமையால் 2004-இல் அது திரும்பப் பெறப்பட்டது.

வலியை மறைக்கும் மருந்து புண்ணின் வலியையும் மறைக்கக்கூடும். ஆதலால் முன்னறிகுறியின்றியே குருதி கசிதல் உண்டு. முதியோர், முன்பு வயிற்றுப்புண் கண்டோர், குருதி உறையாமைக்கு மருந்துண்போர் ஆகியோர் பெரிதும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். மலம் தார்போல் கறுத்தால் உடனே மருத்துவமனையை நாட வேண்டும். அதே வேளையில், இதய நோய்க்காக மருத்துவர் பணித்த ஆஸ்பிரினைத் தாமே நிறுத்துவதும் தீங்காகும். கடையில் எளிதிற் கிடைப்பதால் ஒரு மருந்து எளியதாகிவிடாது. அளவும் காலமும் அறிந்து உண்பதே அறிவுடைமையாம்.