காதங்கி ரேடாரும் கட்டளை வரியும்: தொலைவிலிருந்து கோப்புகளைக் கையாண்ட முறையின் வரலாறு

சித்தூர்–திருப்பதி சாலையில், பாகாலா மண்டலத்தில், குன்றுகளுக்கு நடுவே காதங்கி என்ற சிற்றூர் இருக்கிறது. தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தின் எம்எஸ்டி (மீசோஸ்பியர்–ஸ்ட்ராட்டோஸ்பியர்–ட்ரோபோஸ்பியர்) ரேடார் அமைந்த இடம் அது. ஏறத்தாழ 130 மீட்டருக்கு 130 மீட்டர் பரப்புள்ள திடலில் வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளாக 1024 இடங்களில் யாகி ஆன்டெனாக்கள் நிற்கின்றன. 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், உச்சநிலையில் 2.5 மெகாவாட் திறனுடன் வானுக்கு அலைகளை அனுப்பும் வகையில் இது அமைக்கப்பட்டது. தெளிந்த வானிலும் காற்றின் கலக்கத்தில் பட்டு மெல்லிய எதிரொலி திரும்பி வரும். அதிலிருந்து காற்று எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று கணக்கிடுகிறார்கள்.

இந்த ரேடாரின் இயற்பியலைப் பற்றிய ஆய்வுகள் ஏராளம். இக்கட்டுரை அது பிறப்பித்த கோப்புகளைப் பற்றியது. தொலைவில் இருக்கும் கணினியில் உள்ள கோப்புகளைக் கட்டளை வரி வழியாகக் கையாளும் முறை எப்படி வளர்ந்தது, வண்ணத் திரைகளும் மவுஸும் வந்த பிறகும் ஏன் நிலைத்தது என்ற கேள்விக்குக் காதங்கி ஒரு தெளிவான விடை தருகிறது. தரவு பெரியது, கட்டளை சிறியது. இரண்டில் ஒன்றைத்தான் கம்பி வழியே அனுப்ப முடியும் என்ற நிலையில் சிறியதை அனுப்புவதே வழி. கோப்புக் கையாளுதலின் ஐம்பதாண்டு வரலாறு இந்த ஒரு நெருக்கடியிலிருந்து கிளைத்தது என்பதே இங்கு முன்வைக்கும் வாதம்.

ரேடாருக்கு ஆணையிட்ட கோப்பு

ரேடாரை வடிவமைத்துக் கட்டியது நுண்ணலை மின்னணுவியல் ஆய்வு நிறுவனமான சமீர். 1990-களின் தொடக்கத்தில் அது இயங்கத் தொடங்கியது. அப்போது ஆய்வுக்கூடத்தின் பெயர் தேசிய எம்எஸ்டி ரேடார் நிலையம். இன்றைய பெயர் 2005-ல் வந்தது. ரேடாரின் அமைப்பை விவரித்து பி.பி. ராவும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை 1995-ல் ‘ரேடியோ சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது.

இத்தனை பெரிய கருவியை இயக்கியது ஒரு பிசி-ஏடி வகைக் கணினி. அதற்கு ஊட்டப்பட்டது ‘எக்ஸ்பெரிமென்ட் ஸ்பெசிஃபிகேஷன் ஃபைல்’, சுருக்கமாக இஎஸ்எஃப், என்ற ஒரு சிறு கோப்பு. துடிப்பின் அகலம் எவ்வளவு, இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு, கதிர் எந்தத் திசைகளில் மாறி மாறித் திரும்ப வேண்டும், எத்தனை எதிரொலிகளைக் கூட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். கணினி அதைப் படித்து அதன்படி ரேடாரை ஓட்டும். ஆய்வாளர் தன் சோதனையை ஒரு கோப்பாக எழுதுகிறார். கோப்பு மாறினால் சோதனை மாறுகிறது.

இந்த ஏற்பாட்டின் சிறப்பு நம் தலைப்புக்கு மிக நெருக்கமானது. ஆணை எழுத்து வடிவில் இருந்தால் அதைப் படியெடுக்கலாம், பெயரிட்டு வைக்கலாம், பழையதோடு ஒப்பிடலாம், ஆறு மாதம் கழித்து அதே சோதனையை அப்படியே திரும்பச் செய்யலாம். திரையில் பொத்தான்களை அழுத்திச் செய்த வேலைக்கு இந்தத் தடம் எளிதில் கிடைக்காது. ரேடாரை ஓட்டிய இஎஸ்எஃப்-க்கும், இன்று ஒரு சர்வர் நிர்வாகி இரவுப் பேக்கப்புக்கு எழுதும் ஸ்கிரிப்டுக்கும் அடிப்படையில் வேறுபாடில்லை.

அக்காலப் பிசிகளில் பொதுவாக ஓடியது டாஸ். கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்து, பின்னொட்டுக்கு மூன்று எழுத்து, அவ்வளவுதான் இடம். நாள், நேரம், சோதனை வகை எல்லாவற்றையும் எட்டு எழுத்துக்குள் அடக்கியாக வேண்டும். தரவு குவியும் எந்த இடத்திலும் பெயரிடும் விதி முதலில் பிறப்பதற்கு இதுபோன்ற நெருக்கடிகளே காரணம். பெயரில் எதை வைப்பது என்பதும் சின்ன விஷயமில்லை. காதங்கி நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. சித்தூர் நகரமே 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். மாவட்டத்தின் பெயரில் கோப்புறை தொடங்கியிருந்தால் இன்று குழப்பம்தான் மிஞ்சும். கருவியின் பெயரும் நாளும் மாறாதவை. அவற்றை, ஆண்டு முதலிலும் நாள் கடைசியிலும் வரும்படி எழுதினால், கணினி அகரவரிசையில் அடுக்கும்போதே கால வரிசையும் தானாக அமைந்துவிடும்.

ஒரு மணி நேர வானம்

கம்பி எவ்வளவு மெலிந்தது என்பதைச் சொற்களைவிட எண்களில் காட்டுவது நல்லது. எம்எஸ்டி ரேடாரின் வழக்கமான ஓட்டங்களில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். துடிப்புகளுக்கு இடையே 1 மில்லிநொடி. 64 எதிரொலிகளைக் கூட்டி ஒரு புள்ளி. 512 புள்ளிகள் சேர்ந்து ஒரு நிறமாலை. ஆக ஒரு கதிருக்கு ஏறத்தாழ 33 நொடி. ஆறு கதிர்கள் கொண்ட ஒரு சுற்றுக்கு 197 நொடி. 150 மீட்டர் இடைவெளியில் 150 உயர அடுக்குகளைப் பதிவதாகக் கொண்டால் ஒரு சுற்றில் 4,60,800 எண்கள் சேரும். எண்ணுக்கு 4 பைட் என்று வைத்தால் சுற்றுக்கு 18 லட்சம் பைட், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 3.3 கோடி பைட்.

இனி, நொடிக்கு 9600 பிட் அனுப்பும் தொலைபேசி மோடம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். நொடிக்கு 1200 பைட். ஒரு மணி நேர அளவீட்டை அனுப்பி முடிக்க ஏழரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் லைன் ஒருமுறைகூட அறுந்துபோகாமல் இருந்தால். நாள் முழுக்க ரேடார் ஓடினால் அந்த ஒரு நாளை அனுப்ப ஏழு நாளுக்கு மேல் வேண்டும். காதங்கியிலிருந்து திருப்பதி 40 கிலோமீட்டருக்குள்தான். தரவு பதிந்த டேப்பை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறுபவர் மோடத்தை எளிதில் தோற்கடிப்பார்.

ஆனால் நிறமாலை முழுவதையும் எல்லோரும் கேட்பதில்லை. ஒவ்வொரு உயர அடுக்கிலும் எதிரொலியின் மொத்த வலிமை, சராசரி டாப்ளர் பெயர்ச்சி, நிறமாலையின் அகலம் என்ற மூன்று எண்கள் போதும் என்றால், 512 எண்கள் இருந்த இடத்தில் மூன்றே நிற்கின்றன. ஒரு மணி நேரத் தரவு இரண்டு லட்சம் பைட்டுக்குள் சுருங்குகிறது. அதே மோடத்தில் மூன்று நிமிடத்துக்குள் போய்ச் சேரும். இந்தச் சுருக்கத்தைச் செய்யும் கணிப்பு எங்கே நடக்க வேண்டும்? தரவு இருக்கும் இடத்திலேயே. காதங்கியில் இதற்கென்றே வி.கே. ஆனந்தன் ‘அட்மாஸ்ஃபெரிக் டேட்டா ப்ராசஸர்’ என்ற மென்பொருளை உருவாக்கினார். தரவின் பக்கத்தில் கணிப்பை வைத்துவிட்டால், தொலைவில் இருப்பவர் அனுப்ப வேண்டியது ஒரு வரி ஆணை மட்டுமே.

திருப்பதியில் தரவுக்குக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். 1954-ல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் எம்எஸ்டி ரேடார் பயன்பாடுகளுக்கான மையம் ஒன்று அமைந்தது. அப்பல்கலைக்கழகத்தின் டி. நாராயண ராவ் பின்னாளில் காதங்கி ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார்.

கோப்பை நகர்த்துவதும் ஆணையை நகர்த்துவதும்

உலக அளவில் இதே நெருக்கடிக்கு இரண்டு விடைகள் முன்பே உருவாகியிருந்தன. முதல் விடை, கோப்பை நகர்த்துவது. கான்பூர் ஐஐடியில் படித்து எம்ஐடிக்குச் சென்ற அபய் பூஷண் 1971 ஏப்ரலில் ஆர்எஃப்சி 114 என்ற ஆவணத்தில் கோப்புகளை அனுப்பும் எஃப்டிபி நெறிமுறையை வகுத்தார். யுனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு வெளிவந்ததும் 1971 நவம்பரில்தான். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ், படியெடுக்கும் சிபி, இடம் மாற்றும் எம்வி, அழிக்கும் ஆர்எம் ஆகிய கட்டளைகள் அதிலேயே இருந்தன. பல கோப்புகளைக் கட்டி ஒரே பொதியாக்கும் டார், 1979-ல் வந்த ஏழாம் பதிப்பில் சேர்ந்தது. அதன் பெயரிலேயே டேப் இருக்கிறது. காந்த நாடாவுக்காகப் பிறந்த அந்தப் பொதி வடிவம் நாடா ஒழிந்த பிறகும் வாழ்கிறது.

இரண்டாவது விடை, ஆணையை நகர்த்துவது. டெல்நெட் வழியாக வேறோர் ஊர்க் கணினியில் லாகின் செய்து அங்கேயே வேலையை முடிப்பது. இந்தியாவில் கல்வி, ஆய்வு நிறுவனங்களை இணைக்க 1986-ல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் சென்னை ஐஐடியும் தொடக்க நிலையங்களுள் ஒன்று. ஆரம்பத்தில் அங்கு ஓடியது தொலைபேசி வழி யூயூசிபி. அது கோப்பை வரிசையில் போட்டு, லைன் கிடைக்கும்போது அனுப்பும். பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இணைய இணைப்பு 1995 ஆகஸ்ட் 15-ல்தான் வந்தது.

டெல்நெட்டில் ஒரு பெரும் ஓட்டை இருந்தது. பாஸ்வேர்டு மறைப்பின்றிப் போகும். 1995-ல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகள் திருடப்பட்டபோது, அங்கிருந்த டாட்டு யுலோனன் எஸ்எஸ்எச் மென்பொருளை எழுதினார். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்ற போர்ட் எண்கள் ஏற்கெனவே இருந்தன. நடுவே காலியாக இருந்த 22-ஐ அவர் கேட்டுப் பெற்றார். இரண்டு விடைகளுக்கும் நடுவில் அமர்ந்த அந்த மென்பொருள் இரண்டின் வேலையையும் ஏற்றுக்கொண்டது.

அடுத்த ஆண்டே, 1996 ஜூனில், ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜலும் பால் மக்கராசும் ஆர்சிங்க் கட்டளையை வெளியிட்டனர். என் மதிப்பீட்டில் இந்த வரலாற்றின் உச்சம் இதுதான். பழைய படி இருக்கும் கணினி, தன் கோப்பைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மேலோட்டமான சரிபார்ப்பு எண்ணையும் ஓர் உறுதியான சரிபார்ப்பு எண்ணையும் கணித்து அனுப்பும். புதிய படி இருக்கும் கணினி, தன் கோப்பின் மீது பைட் பைட்டாக நகர்ந்து அந்தத் துண்டுகளைத் தேடும். கிடைத்தவற்றுக்கு ‘உன்னிடமே இருக்கிறது’ என்ற குறிப்பு மட்டும் போகும். கிடைக்காதவை மட்டும் கம்பியில் ஏறும். கணிப்பு இரு முனைகளிலும் நடக்கிறது, நடுவில் வேறுபாடு மட்டும் பயணிக்கிறது. மெலிந்த கம்பிக்கு இதைவிடச் சிறந்த மரியாதையைச் செய்ய முடியாது.

முக்காற்புள்ளியும் சாய்கோடும்

காதங்கியில் இன்று இருப்பது எம்எஸ்டி ரேடார் மட்டும் அல்ல. லைடார், காற்று விவரக் கருவிகள், அயனிமண்டல ரேடார் என்று கருவிகள் பெருகின. எம்எஸ்டி ரேடாரின் பழைய 32 பெரிய டிரான்ஸ்மிட்டர்களுக்குப் பதில் ஆன்டெனாவுக்கு ஒன்றாகத் திண்மநிலைக் கருவிகள் வந்தன. இவற்றோடு, ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களுக்கான வானிலைக் கணிப்புக்கு டபிள்யூஆர்எஃப் என்ற மாதிரியையும் இங்கே ஓட்டுகிறார்கள்.

இந்த மாதிரி எழுதும் கோப்புகளில் தொலைநிலை நிர்வாகிக்கு ஒரு பாடம் உண்டு. கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், பிறகு மணி, நிமிடம், நொடி வரும். நேரத்தின் பகுதிகளைப் பிரிப்பது முக்காற்புள்ளி. படிக்க வசதிதான். ஆனால் எஸ்எஸ்எச் வழியே கோப்பைப் படியெடுக்கும் எஸ்சிபியும் ஆர்சிங்கும் முக்காற்புள்ளியைக் கண்டால் அதற்கு முன்னால் இருப்பது வேறொரு சர்வரின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். கோப்பை அனுப்பச் சொன்னால், இல்லாத சர்வரைத் தேடிவிட்டுப் பிழைச் செய்தி தரும். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் இட்டால் அது இங்குள்ள கோப்பு என்று புரிந்துகொள்ளும். விண்டோஸில் அந்தப் பெயரை வைக்கவே முடியாது. அதனால் முக்காற்புள்ளியைத் தவிர்க்கும் ஓர் அமைப்பும் அம்மாதிரியிலேயே இருக்கிறது.

சாய்கோடு இன்னும் கூர்மையானது. ஆர்சிங்கில் மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின் சாய்கோடு இட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். இடாவிட்டால் கோப்புறையே போகும். மூலத்தில் இல்லாததைச் சேருமிடத்தில் அழிக்கும் விருப்பத்தையும் சேர்த்து ஓட்டும்போது, மூல வட்டு இணைக்கப்படாமல் கோப்புறை வெறுமையாக இருந்தால், பேக்கப் முழுவதும் ஒழுங்காக அழிக்கப்பட்டுவிடும். கணினி தனக்குச் சொன்னதைத்தான் செய்தது. அனுபவமுள்ளவர்கள் முதலில் எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்க்கும் விருப்பத்தோடு ஓட்டி, பட்டியலைப் படித்த பிறகே உண்மையாக ஓட்டுவார்கள். அழித்த கோப்பு திரும்பி வரும் குப்பைத்தொட்டி கட்டளை வரியில் இயல்பாகக் கிடையாது.

வண்ணத் திரைக்கும் கட்டளை வரிக்கும் நடுவழியும் ஒன்று உண்டு. 1986-ல் நார்ட்டன் கமாண்டர் தந்த இரட்டைப் பலகைத் திரையை, மெக்சிகோவின் மிகேல் தெ இகாசா 1994-ல் மிட்நைட் கமாண்டராக யுனிக்ஸ் உலகத்துக்குக் கொண்டுவந்தார். இடப்பக்கம் ஒரு கோப்புறை, வலப்பக்கம் ஒன்று. எல்லாம் எழுத்துகளால் ஆனது என்பதால் மெலிந்த இணைப்பிலும் ஓடும். கண்ணால் பார்த்துச் செய்ய வேண்டிய வேலைக்கு இது நல்லது. நாள்தோறும் திரும்பச் செய்யும் வேலைக்கு ஸ்கிரிப்டே சரி. இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காமல் காக்க 1987-ன் ஸ்க்ரீனும் 2007-ன் டிமக்ஸும் இருக்கின்றன.

இணைப்புகள் பருத்துவிட்டன, இனி கட்டளை வரி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தரவும் அதே வேகத்தில் பருத்துவிட்டது என்பதே விடை. காதங்கியில் ஒரு வரி ஆணைக்கும் ஒரு நாள் தரவுக்கும் இடையே இருந்த விகிதம் இன்று இன்னும் விரிந்திருக்கிறது.

அறிவியல் வரலாற்றில் அக்கறை உள்ளவர்களுக்கு, குறிப்பாகத் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்திலும் ஐஐடியிலும் ஐசரிலும் படிக்கும் மாணவர்களுக்கு, ஒரு வேண்டுகோள். தரவைக் காப்பது போலவே, அதைப் பெறவும் நகர்த்தவும் எழுதிய இஎஸ்எஃப் கோப்புகளையும், ஸ்கிரிப்டுகளையும், பெயரிடும் விதிகளையும், கருவிகளை இயக்கியவர்களின் குறிப்பேடுகளையும் சேகரித்துத் தரவோடு சேர்த்து வையுங்கள். அவை சில கிலோபைட்டுகள்தாம். 1990-களில் இந்தக் கருவிகளோடு பழகியவர்கள் பலர் பணி ஓய்வு பெற்றுவிட்டார்கள்; அவர்களிடம் கேட்டு எழுதும் வேலையை இந்த ஆண்டே தொடங்குங்கள்.