புனிறு

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் தெரிந்த நகரத்தார் வீடு ஒன்றில் பேத்தி பிள்ளை பெற்று வந்திருந்தாள். பார்க்கப் போனவர்கள் முகப்பில் உட்கார்ந்து கேட்டதெல்லாம் பிள்ளையைப் பற்றித்தான். ஆணா பெண்ணா, எத்தனை கிலோ, யார் சாயல். "சுகப்பிரசவமா, ஆபரேஷனா?" என்று ஒருவர் கேட்டார், அதுவும் பிள்ளை வந்த வழியைக் கேட்டதுதான். உள்முற்றமான வளவுக்குள் ஓடப்பார்த்த ஒரு பொடியனை ஆச்சி மட்டும் கைநீட்டி மறித்தார். "சத்தம் போடாதேப்பா. பச்சை ஒடம்புக்காரி தூங்குறா."

அன்று அந்த வீட்டில் பெற்றவளைக் குறித்து நான் கேட்ட ஒரே சொல் அது.

பிள்ளை பெறுவதற்கு நம்மிடம் சொற்கள் ஏராளம். பேறு, பிள்ளைப்பேறு, மகப்பேறு, பேறுகாலம் எல்லாம் 'பெறு' என்ற வினையில் பிறந்தவை. கெடு கேடாகி, விடு வீடானதுபோல் பெறு பேறாயிற்று. சம்பளம் பெறுவதும் வரம் பெறுவதும் பிள்ளை பெறுவதும் ஒரே வினை. கைக்கு வந்து சேர்ந்ததே அதன் கணக்கு. மலையாளத்திலும் பேறு என்றால் பிரசவம். கன்னடத்தில் பகரம் ஹகரமாகி 'ஹெரிகெ' என்று நிற்கிறது. 'பிரசவம்' வடமொழி வரவு. யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிரீன், 1857இல் மொழிபெயர்ப்பு நூலொன்றுக்குப் 'பிரசவ வைத்தியம்' என்றே பெயர் வைத்தார். இன்று 'டெலிவரி' என்கிறோம். வாசலுக்கு வரும் பார்சலுக்கும் அதே சொல்தான். இவையெல்லாம் பிள்ளை வெளியே வந்ததும் வேலை முடிந்து ஒதுங்கிக்கொள்ளும் சொற்கள். இடுப்புவலி கண்டு, நோவு தின்று, களைத்துக் கிடப்பவள் அதற்கு அடுத்த நாள் யார்? அவளுக்கும் பழந்தமிழில் ஒரு சொல் இருந்தது: புனிறு.

தொல்காப்பிய உரியியல் இந்தச் சொல்லுக்குத் தனி நூற்பா ஒதுக்கி, 'ஈன்றணிமை' என்று பொருள் சொல்கிறது. அணிமை என்றால் பக்கம், கிட்டம். ஈன்றதற்குக் கிட்டத்தில் இருக்கும் நிலை. நேரத்தை அவ்வளவு நெருங்கிப் பிடிக்கும் சொல் இது. வயிறு 'வயிற்று' ஆவதுபோல இதுவும் 'புனிற்று' ஆகும். புதிதாகக் கன்று போட்ட பசு புனிற்றா. கிட்டப்போனால் முட்டும் அந்த ஈற்றுப்பசுவுக்கும் குழந்தை பெற்ற பெண்ணுக்கும் சங்கப் புலவர்கள் ஒரே சொல்லைக் கூசாமல் வைத்தார்கள். ஈனுதலையே மாட்டுக்கும் ஆட்டுக்கும் தள்ளிவிட்ட நமக்குத்தான் கூச்சம்.

சொல்லோடு அதன் பொருளையும் பார்க்க வேண்டுமானால் நற்றிணையின் 40ஆம் பாட்டுக்குப் போகலாம். மகன் பிறந்த ஒரு வீடு. முற்றத்தில் புதுமணல், எங்கோ மணியொலி. வெண்கடுகு அப்பி, நெய்யாட்டு என்ற நெய்க்குளியல் முடிந்த பெண் கண்மூடித் தூங்குகிறாள். பிள்ளை அவளிடம் இல்லை, செவிலியிடம் தூங்குகிறது. அந்தச் செவிலிமேல் புனிற்று மணம் வீசுகிறது. நள்ளிரவில் கணவன் கள்வனைப்போலத் தன் வீட்டுக்குள்ளேயே பதுங்கி வருகிறான். இதையெல்லாம் சொல்பவள் அவனுடைய பரத்தை என்பதால் பாட்டில் முள்ளும் உண்டு. அது வேறு கதை. நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் ஒன்றுதான்: பெற்றவள் தூங்குகிறாள், பிள்ளையை இன்னொருத்தி வைத்திருக்கிறாள். பேறுகால உதவி என்பதன் சாரம் முழுவதும் அங்கே இருக்கிறது.

புறநானூற்றின் 68ஆம் பாட்டில் கோவூர்கிழார் இந்தச் சொல்லைக் காவிரிக்கே கொண்டுபோகிறார். புனிறு கழிந்த பிள்ளைக்குச் சுரக்கும் தாய்முலைபோல ஆறு பெருகுகிறதாம். காவிரிப்பூம்பட்டினத்தைத் தங்கள் பழைய ஊராகச் சொல்லிக்கொள்ளும் நகரத்தார் வீட்டு வளவில் இந்தப் பாட்டு எனக்கு நினைவு வந்தது தற்செயல் இல்லை. திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதையும் அதே ஆற்றை ஒட்டியது. பூம்புகார் வணிகர் குலத்து ரத்தினாவதிக்கு வலி கண்டபோது காவிரி வெள்ளம் தாயை மறித்துவிட, சிவனே தாய் வடிவில் வந்து பேறு பார்த்தார் என்பார்கள். இன்றும் நல்லபடி பிரசவமாக அங்கே வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள். தலைப்பிரசவம் என்றால் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும், வேறு யாரும் போதாது. கதை சொல்வது அவ்வளவுதான்.

பேச்சுமொழியில் புனிறு எப்போதோ அற்றுப்போனது. பொருள் மட்டும் 'பச்சை உடம்பு' என்று பெயர் மாற்றிக்கொண்டு பிழைத்திருக்கிறது. இந்தப் பச்சை நிறம் அல்ல. பச்சை மண், பச்சைக் காயம் என்கிறோமே, அந்த ஆறாத, இறுகாத பச்சை. பச்சை உடம்புக்கு என்று தனி ஏற்பாடுகள் உண்டு. வேது வைத்த வெந்நீர்க் குளியல், வயிற்றுக்குத் துணிக்கட்டு, சுக்கு மிளகு திப்பிலியோடு பூண்டு வெந்த மருந்துக் குழம்பு, பால் சுரக்கச் சுறாப்புட்டு. தாகத்தோடு கிடப்பவளுக்குத் தண்ணீரை மட்டும் அளந்து கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. பத்தியத்தின் பேரில் நடந்த கொடுமை அது. பால் கொடுப்பவளுக்குத் தண்ணீர் தாராளமாக வேண்டும். சேனை தொடுவதும் அப்படியே. சேனை தொட்டவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று சர்க்கரைத் தண்ணீருக்கு ஆள் தேடுவார்கள், சீம்பால் காத்துக்கொண்டிருக்கும்.

இடையில் இன்னொரு சொல்லும் புகுந்துகொண்டது: தீட்டு. இலக்கியத் தமிழில் வாலாமை. வால் என்றால் தூய்மை, அது இல்லாதது வாலாமை. தொல்காப்பியம் சொன்ன பொருளில் அழுக்கு இல்லை, அணிமைதான் உண்டு. பிறகு வந்தவர்கள் அதே நாட்களைத் தீட்டாக எண்ணத் தொடங்கினார்கள். தீட்டு என்ற பெயரில் ஒருத்திக்கு அடுப்படி வேலையிலிருந்து சில நாள் விடுதலை கிடைத்தது உண்மை. ஓய்வுக்கு ஒரு நல்ல சொல் இருந்தபோது அதை அழுக்கின் பெயரால் வாங்கவேண்டி வந்ததுதான் என் வருத்தம்.

கானாடுகாத்தான் வீடுகளின் அமைப்பே ஒருவகையில் பெற்றவளின் கதையைச் சொல்கிறது. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். ஆண்கள் உட்காரும் முகப்பைத் தாண்டி வளவு, அதைத் தாண்டி இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த காலத்தில் ஆண்கள் மூன்று வருடத் தவணைக்குக் கப்பலேறினார்கள். நற்றிணைக் கணவன் கள்வனைப்போலவாவது வந்தான். இவர்கள் கடிதத்தில்தான் வர முடிந்தது. தேக்குத் தூண்களும் பளிங்குத் தரையும் அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்தன. அந்த உள்கட்டுகளில் நோவைத் தாங்கிப் பிடித்ததும் பிள்ளையைக் கையில் வாங்கியதும் பெண்கள்.

நகரத்தார் வழக்கில் பிள்ளைகளுக்குச் செய்யும் சடங்குக்குப் 'புதுமை' என்று பெயர். ஆணுக்குக் கார்த்திகைப் புதுமை, பெண்ணுக்குத் திருவாதிரைப் புதுமை. பெற்றவளுக்கு ஒரு புதுமை கொண்டாடினால் என்ன என்று கேட்கத் தோன்றியது. ஆச்சியிடம் கேட்கத் துணிவு வரவில்லை.

இப்போது யாரும் வளவில் பெறுவதில்லை. தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் அரசு தரும் மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய். சட்டம் தரும் சம்பளத்தோடு கூடிய விடுப்பு, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம். பேறு முடிந்து 42 நாளுக்குள் அதன் தொடர்பான காரணத்தால் தாய் இறந்தால் அதைப் பேறுகால மரணமாகவே உலகெங்கும் கணக்கெடுக்கிறார்கள். பெற்றபின் வரும் உதிரப்போக்குத்தான் இன்றும் பெரிய எமன். பச்சை உடம்பின் ஓய்வுக்கு ஆச்சிமார் வைத்த நாற்பது நாளுக்கும் மருத்துவர்கள் வைத்த 42 நாளுக்கும் நடுவே இரண்டே நாள் வித்தியாசம். மருத்துவமனைத் தமிழ் அந்த நாட்களைப் 'பிரசவத்திற்குப் பிந்தைய காலம்' என்று சுற்றி வளைக்கிறது. தாய்க்கும் சேய்க்கும் அட்டை அச்சடிப்பவர்கள் அந்த இடத்தில் 'புனிற்றுக் காலம்' என்று போட்டுப் பார்க்கலாம். பழகாத சொல் என்றால் 'பச்சை உடம்பு' என்றே போடட்டும். அதற்கு யாருக்கும் உரை எழுத வேண்டாம்.

உங்கள் வீட்டில் ஆயாவோ அப்பத்தாவோ இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். பச்சை உடம்புக்காரியின் குளியலுக்கும் கட்டுக்கும் குழம்புக்கும் அவர் என்னென்ன பெயர் சொல்கிறார் என்று கேட்டு, ஊர்ப்பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.