உடுவிற் பெண்பள்ளியும் சைவர் கடமையும்

யாம் உறையும் பென்னாகரம் பண்டைத் தகடூர் நாட்டின்கண்ணது. அதியமான் நெடுமான் அஞ்சி கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையார்க்கு ஈந்தமை இந்நாட்டின் புகழாம். நாயன்மார் அறுபத்துமூவருள்ளும் காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் என மூவர் மகளிர். இத்தகைய மரபினையுடைய நாம் பெண்மக்களுக்குப் பள்ளி அமைப்பதிற் பிறர்க்குப் பிற்பட்டது யாங்ஙனம்? யாழ்ப்பாணத்து வரலாறு இதனை நன்கு விளக்கும்.

அமெரிக்க மிஷனார் 1816-இல் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கினர். 1824-இல் உடுவிலிற் பெண்களுக்கென உறைவிடப் பள்ளி ஒன்றை நிறுவினர். அதன் முதற்றலைவி ஹரியற் வின்ஸ்லோ அம்மையார். அவர் கணவரே 1862-இல் வெளிவந்த பெருந் தமிழ் ஆங்கில அகராதியால் அறியப்படும் மைரன் வின்ஸ்லோ. அம்மையார் 1833-இல் இறந்தனர். 1840-இல் வந்த எலைசா அக்னியு அம்மையார் ஏறக்குறைய 40 ஆண்டு அங்கே கற்பித்து, ஒருமுறையேனும் தாய்நாடு மீளாது, 1883-இல் யாழ்ப்பாணத்திலேயே உயிர்நீத்தார்.

பகற்பள்ளியிற் பயிலும் சிறுமி மாலையில் மனைக்கு மீள்வாள். ஆண்டுத் திருவிளக்கையும் திருநீற்றையும் காண்பாள். உறைவிடப் பள்ளியிலோ உண்டி, உறக்கம், வழிபாடு யாவும் ஆசிரியர் வழியன. மிஷனார் உணவும் உடையும் உதவி எழுத்தும் கணக்கும் தையலும் தம் வேதமும் ஒருங்கே கற்பித்தனர். கல்விகற்ற கிறிஸ்தவ இளைஞர்க்கு ஏற்ற மனைவியரை ஆக்குதலும் அவர் கருத்தாம். தாய் எச்சமயத்தினளோ மனையும் அச்சமயத்ததாம் என்பதை அவர் நன்குணர்ந்தனர்.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுகநாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாதிரிமாரோடு உடனிருந்து அவர்தம் முறைகளைக் கண்டறிந்தே அவற்றைச் சைவத்துக்குப் பயன்படுத்தினார். எனினும் அவ்வியக்கம் பெரிதும் ஆடவர் கல்வியையே நோக்கிற்று. சைவப் பெண்களுக்கு உறைவிடத்தோடு கூடிய இராமநாதன் கல்லூரி, சேர் பொன்னம்பலம் இராமநாதனாரால் மருதனார்மடத்தில் நிறுவப்பட்டது 1913-இல். உடுவிற்கும் இதற்கும் இடையே 89 ஆண்டு கழிந்தன! ஊரளவிற் பார்க்குமிடத்து இரண்டும் அயல் அயலே உள்ளன. காலத்தாலேயே இத்துணைச் சேய்மை.

அற்றேல், பிறர் மதம் மாற்றும் நோக்குடன் செய்ததைப் புகழ்தல் தகுமோ எனின், கூறுதும். நோக்கத்தை நாம் ஏற்றிலம். உழைப்பை மறைத்தல் வாய்மையன்று. அவர் பள்ளி வைத்தமை நம் குறையன்று. நாம் வையாமையே நம் குறை. தம் மகளுக்குக் கல்வி வேண்டிய சைவத் தந்தைக்கு அந்நாளில் வேறு வாயில் யாது இருந்தது? அவனைப் பழித்தல் எளிது. வாயில் திறத்தல் அரிது. இராமநாதனார் பழித்தலோடு அமையாது வாயிலைத் திறந்தார்.

உடுவிற் பள்ளி 2024-இல் 200 ஆண்டு நிறைந்தது. இந்நாளிற் பெண்கள் எங்கும் கற்கின்றனர். ஆயினும் திருமுறையும் சித்தாந்த சாத்திரமும் முறையாகக் கற்கும் பெண்கள் நம் ஊர்களில் எத்துணையர்? ஆலயந்தோறும் வாரத்தில் ஒருநாளேனும் சிறுமியர்க்குத் திருமுறை வகுப்பு நடத்துதல் பெரும்பொருள் வேண்டாத பணி. கற்பிப்பாரும் மகளிராயின் மிக நன்று. அன்பர்கள் இதனை இன்றே தொடங்குக. மங்கையர்க்கரசியார் வளர்த்த நெறிக்கு அதுவே நாம் செலுத்தும் கடன்.

திருச்சிற்றம்பலம்.