இரண்டு மணித்தியாலமும் எண்பது கிலோமீற்றரும்

செய்தி மேசையில் பல ஆண்டுகள் இருந்தவனுக்குச் சில செய்திகள் மறப்பதில்லை. அவை பெரிய செய்திகளாக இருக்க வேண்டும் என்பதுமில்லை. 1990களின் பிற்பகுதியில் வன்னியிலிருந்து எமக்கு வந்த செய்தி ஒன்று நான்கே வரி. பிரசவத்தின் பின் குருதிப்பெருக்கு ஏற்பட்ட இளம் தாய் ஒருவர், உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிச் செல்லப்பட்ட வழியில் இறந்துவிட்டார். குழந்தை உயிருடன் இருக்கிறது. அன்றைய முதற்பக்கத்தை எறிகணைச் செய்திகள் நிறைத்திருந்தன. அந்த நான்கு வரிகளையும் உட்பக்கம் ஒன்றின் அடியில் இட்டு, "பிரசவத்தில் தாய் மரணம்" என்று தலைப்புக் கொடுத்தேன். அந்தத் தலைப்புப் பிழையானது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு நீண்ட காலம் சென்றது. அந்தப் பெண் பிரசவத்தில் இறக்கவில்லை, வழியில் இறந்தார்.

மகப்பேற்று மருத்துவத்தில் ஒரு கணக்கு உண்டு. பிரசவத்தின் பின் ஏற்படும் கடும் குருதிப்பெருக்கு, சிகிச்சை கிடைக்காவிட்டால், சராசரியாக 2 மணித்தியாலத்தில் தாயின் உயிரைக் கொண்டு போய்விடும். பிரசவத்துக்கு முன் ஏற்படும் பெருக்கு என்றால் ஏறத்தாழ 12 மணித்தியாலம். கர்ப்பகால வலிப்பும் தடைப்பட்ட பிரசவமும் 2 நாள் வரை அவகாசம் தரும். கிருமித்தொற்று 6 நாள் வரை. மறுபுறத்தில், கிளிநொச்சியிலிருந்து வவுனியா வைத்தியசாலைக்கு ஏ-9 வீதியால் ஏறக்குறைய 80 கிலோமீற்றர். முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் வழியாகப் போவதென்றால் இன்னும் அதிகம். வீதி திறந்திருந்து வாகனமும் இருந்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் சேர்ந்துவிடலாம். வன்னித் தாய்மாரின் கதை பெரும்பாலும் இந்த இரண்டு எண்களுக்கு இடையில்தான் நடந்திருக்கிறது.

கருவுற்ற பெண்கள் நூறு பேரில் ஏறத்தாழ 15 பேருக்கு ஏதோவொரு கடும் சிக்கல் ஏற்படும் என்பது உலக அனுபவம். அந்தப் பதினைந்து பேர் யார் என்பதை முழுமையாக முற்கூட்டியே சொல்ல எந்த மருத்துவராலும் இயலாது. ஒன்பது மாதமும் எந்தக் குறையுமின்றிச் சென்ற பெண்ணுக்கும் கடைசி அரை மணித்தியாலத்தில் குருதி நிற்காமற் போகலாம். ஆகவே நோயாளி வந்த பின் ஓடித் திரிவதில் பயனில்லை. அவர் வருமுன்பே வைத்தியசாலை ஆயத்தமாக இருக்க வேண்டும்.

ஆயத்தம் என்றால் என்ன என்பதை 1997ஆம் ஆண்டில் யுனிசெப், உலக சுகாதார நிறுவனம், ஐ.நா. சனத்தொகை நிதியம் ஆகிய மூன்றும் சேர்ந்து வரையறுத்தன. அடிப்படை நிலையம் ஒன்றில் ஆறு காரியங்கள் நடக்க வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி ஊசி, கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஊசி, வலிப்பை அடக்கும் ஊசி ஆகியன ஏற்றப்பட வேண்டும். எங்கள் ஊர்களில் இளங்கொடி என்று சொல்லப்படும் நஞ்சுக்கொடி வெளிவராவிட்டால் அதைக் கையால் அகற்றவும், கருப்பையில் தங்கிய எச்சங்களை நீக்கவும், ஆயுதமிட்டுக் குழந்தையை எடுக்கவும் தெரிந்தவர் அங்கே இருக்க வேண்டும். இவற்றோடு சத்திரசிகிச்சையும் குருதி ஏற்றலும் நடந்தால் அது முழுமையான நிலையம். ஐந்து இலட்சம் மக்களுக்கு இத்தகைய நிலையங்கள் ஐந்து வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் முழுமையானதாக இருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கைநூல், மூச்சுவிடாத சிசுவுக்கு உயிர்ப்பூட்டுவதையும் ஏழாவதாகச் சேர்த்தது.

பட்டியல் சிறியதுதான். ஆனால் அதன் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு சங்கிலி இருக்கிறது. கருப்பையைச் சுருக்கும் ஒக்ஸிடோசின் மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்கு மின்சாரம் அல்லது மண்ணெண்ணெய் வேண்டும். குருதி ஏற்றுவதென்றால் பையும் பரிசோதனைப் பொருளும் கொடையாளியும் வேண்டும். சத்திரசிகிச்சைக்கு மகப்பேற்று நிபுணரோடு மயக்க மருந்து கொடுப்பவரும் வேண்டும். இருவரும் நள்ளிரவிலும் இருக்க வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை இருந்து பயனில்லை.

இந்தச் சங்கிலியை ஈழத்தமிழர் நேற்று அறிந்தவர்கள் அல்லர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவக் கல்வி அளித்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மோன்செல் என்பவரின் மகப்பேற்று நூலைத் தமிழாக்கி 1857இல் "பிரசவ வைத்தியம்" என்ற பெயரில் வெளியிட்டார். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பிக்க அவர் தொடங்கியபோது முதலில் கைவைத்த துறைகளுள் மகப்பேறும் ஒன்று. 1898இல் இணுவிலில் பெண்களுக்கென மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. ஆயினும் இவையெல்லாம் குடாநாட்டில். ஆனையிறவுக்குத் தெற்கே நிலைமை வேறு. 1895இல் ஜே. பி. லூயிஸ் தொகுத்த வன்னி மாவட்டங்களின் கையேடு காட்டும் நாடு, காடும் குளமும் காய்ச்சலும் நிறைந்த நாடு. சிறு ஊர்கள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் கிடந்தன. அங்கே பிரசவம் ஊர் மருத்துவிச்சியின் கையிலும் தெய்வத்தின் கையிலும் இருந்தது.

1930களின் நடுவில் இலங்கையில் 100,000 உயிருள்ள பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1950களின் தொடக்கத்தில் அந்த எண் அறுநூறுக்குக் கீழே இறங்கியது. 1980களில் நூறுக்கும் குறைவு. வறிய நாடொன்று இதைச் சாதித்தது எவ்வாறு என்று உலக வங்கி 2003இல் தனி ஆய்வே வெளியிட்டது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, பயிற்றப்பட்ட மருத்துவமாது ஒவ்வொரு கிராமத்துக்கும் போனமை, இலவச வைத்தியசாலைகள், 1940களில் மலேரியா அடங்கியமை, பெண்கல்வி ஆகியவையே காரணங்கள். இவற்றுள் நான் முக்கியமாகக் கருதுவது இணைப்பை. வீட்டு வாசலில் நின்ற மருத்துவமாது தன்னால் இயலாததைக் கிராமிய வைத்தியசாலைக்கும், அது மாவட்ட வைத்தியசாலைக்கும், அது யாழ்ப்பாணத்துக்கோ அநுராதபுரத்துக்கோ அனுப்பும் ஒழுங்கு இருந்தது. 1930கள் தொட்டுக் குடியேற்றத் திட்டங்களோடு கிளிநொச்சிப் பகுதிக்கு வந்து காடு வெட்டிக் கழனி கண்ட குடும்பங்களுக்கும் இந்த ஒழுங்கே துணை. பெரிய சிக்கல் என்றால் யாழ்ப்பாணம் போகலாம் என்ற நம்பிக்கையில் அவர்கள் இருந்தார்கள்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது அந்த இணைப்பு அறுந்தது. வவுனியாவுக்கு வடக்கே தடை, ஆனையிறவில் படைமுகாம். யாழ்ப்பாணம் போவதென்றால் கிளாலிக் கடலேரியை இருளில் படகில் கடக்க வேண்டும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களுள் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்தனர். 1996இன் பின் யாழ்ப்பாணப் பாதையும் இல்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் வீழ்ந்தபோது அதன் வைத்தியசாலையும் நகரை விட்டு அக்கராயனுக்கு இடம்பெயர்ந்தது. வைத்தியசாலை இடம்பெயர்வது என்பது செய்தியில் ஒரே வரி. சத்திரசிகிச்சை மேசை, கிருமிநீக்கி, குளிர்சாதனப் பெட்டி, பதிவேடுகள், நிறைமாதக் கர்ப்பிணிகள் என்று ஒவ்வொன்றையும் பெயர்த்துக்கொண்டு போவது வேறு.

எரிபொருளும் மின்கலமும் சீமெந்தும் தடைப் பட்டியலில் இருந்தன. மருந்துகள் அனுமதி பெற்று, அளந்து, காலந்தாழ்த்தி வந்தன. மேலே சொன்ன சங்கிலியை இங்கே பொருத்திப் பாருங்கள். மண்ணெண்ணெய் இல்லையேல் குளிர் இல்லை. குளிர் இல்லையேல் ஊசி மருந்து பலமிழக்கும். பெற்றோல் இல்லையேல் அம்புலன்ஸ் இல்லை. உழவு இயந்திரமும் மாட்டு வண்டிலுமே கதி. இவற்றோடு, ஒரு காலத்தில் அடங்கியிருந்த மலேரியா வன்னியில் மீண்டும் கடுமையாகப் பரவியது. மலேரியா கண்ட கர்ப்பிணிக்கு உடலில் இரத்தம் குறையும். நல்ல தேகத்தோடு இருக்கும் பெண் தாங்கிக்கொள்ளும் குருதியிழப்பை அவள் தாங்கமாட்டாள். இரண்டு மணித்தியாலம் என்ற கணக்கு அவளுக்கு இன்னும் சுருங்கியது.

அந்த ஆண்டுகளில் வேலை செய்தவர்களை மறந்து இந்த வரலாற்றை எழுதக்கூடாது. மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் அரச ஊழியருடன் சேர்ந்து பணி செய்தனர். அங்கே தீர்க்க முடியாத நோயாளரைச் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் உதவியுடன் தடை கடந்து வவுனியாவுக்கு அனுப்பும் வழி இருந்தது. ஆனால் தடை கடப்பதற்கு நேரம் உண்டு, அனுமதி உண்டு, பகல் உண்டு, இரவு உண்டு. குருதிப்பெருக்குக்கு இவை எதுவும் தெரியாது. சரீன் தாடியஸ், டெபோரா மெயின் என்ற இரு அறிஞர்கள் 1994இல் தாய் மரணங்களுக்குக் காரணமாக மூன்று தாமதங்களைக் குறித்தனர்: முடிவெடுக்கும் தாமதம், போய்ச்சேரும் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைக்கும் தாமதம். வன்னியில் இரண்டாவது தாமதத்துக்கு அரண் போட்டுக் காவலும் வைத்திருந்தார்கள்.

2002 பெப்ரவரி உடன்படிக்கையின் பின் ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தபோது நாம் எல்லோரும் அதை அரசியற் செய்தியாக எழுதினோம். ஒரு கர்ப்பிணியின் கணக்கில் அது, வவுனியா மீண்டும் எண்பது கிலோமீற்றர் தூரத்துக்கு வந்த நாள். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையையும் அதன் வைத்தியசாலையையும் அடித்துச் சென்றது. 2006 ஓகஸ்டில் முகமாலையில் பாதை மீண்டும் மூடப்பட்டது. 2008 செப்டெம்பரில் தொண்டு நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேறும்படி அரசு பணித்தது. செஞ்சிலுவைக் குழு மட்டும் எஞ்சியது.

அதன் பின் நடந்ததை உலகம் அறியும். 2009 சனவரிக்குப் பின் வைத்தியசாலைகள் தருமபுரம், உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று கிழக்கு நோக்கி நகர்ந்தன. அரச மருத்துவர்களான சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா ஆகியோரும் பெயர் வெளிவராத தாதியரும் தொண்டர்களும் அங்கே நின்றனர். குருதிப் பைகள் தீர்ந்தபோது காயமடைந்தவரின் குருதியையே ஏந்தி, துணியில் வடித்து, அவருக்கே மீண்டும் ஏற்றினார்கள் என்பதை 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. பெப்ரவரி முதல் மே வரை செஞ்சிலுவைக் குழுவின் கப்பல் வழியாகக் காயப்பட்டோரும் நோயாளரும் துணைக்கு வந்தோருமாக ஏறத்தாழ 14,000 பேர் வெளியேறினர். எஞ்சியோருக்குப் பதுங்குகுழி. அங்கேயும் பெண்களுக்கு மாதம் நிறைந்தது. அங்கேயும் குழந்தைகள் பிறந்தன. இறந்தோர் எத்தனை பேர் என்று இன்றும் வாதிடுகிறோம். அவர்களுள் பிரசவக் குருதியால் இறந்த தாய்மார் எத்தனை பேர் என்ற கேள்வியை யாரும் எழுப்பி நான் கேட்டதில்லை.

போருக்குப் பின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இலட்சக்கணக்கானோர் அடைபட்டபோது சுமை வவுனியா வைத்தியசாலையில் விழுந்தது. 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. மக்கள் ஊர் திரும்பினர், வீதிகள் அகன்றன, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவு மாஞ்சோலையிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் இயங்குகின்றன. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டது. இந்திய உதவியுடன் தொடங்கிய இலவச அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில் வடக்குக்கும் வந்தது. அதன் தொலைபேசி எண் 1990. எங்கள் பாதை மூடப்பட்ட ஆண்டும் அதுவே என்பதை யாரும் எண்ணி வைத்திருக்கமாட்டார்கள். நெதர்லாந்தின் நிதியுதவியில் கிளிநொச்சியில் எழுந்த மகளிர் மருத்துவ நிலையம் 2024இல் திறந்து வைக்கப்பட்டது.

கட்டடம் எழுந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் கட்டடத்தின் படத்தைப் போட்டுச் செய்தியை முடித்துவிடும் பழக்கம் எங்கள் தொழிலுக்கு உண்டு. 2022 பொருளாதார நெருக்கடியின் பின் மருத்துவர்கள் பெருமளவில் நாட்டை விட்டுப் போனார்கள். தலைநகருக்கு அப்பாலுள்ள வைத்தியசாலைகள் அதை முதலில் உணர்ந்தன. இன்று பாதைக்குத் தடையில்லை, மண்ணெண்ணெய்க்கும் தடையில்லை. இனிச் சங்கிலி அறுவதென்றால் இரவுக் கடமைக்கு மயக்க மருந்து கொடுப்பவர் இல்லாத இடத்திலும், இரத்த வங்கி வெறுமையாகக் கிடக்கும் இடத்திலும், வருடத்தில் ஓரிரு முறையே வரும் ஆபத்துக்கு ஊழியர் ஒத்திகை பார்க்காத இடத்திலும்தான் அறும். புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள் கட்டடத்துக்கும் கருவிக்கும் மனமுவந்து உதவுகின்றன. அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை ஒரு வைத்தியசாலைக்கு உதவுமுன், நள்ளிரவு இரண்டு மணிக்கு அங்கே என்ன நடக்கும் என்று கேளுங்கள். விடை எதுவோ, அங்கே உங்கள் பணம் போகட்டும்.

அந்த நான்கு வரிச் செய்தி இன்று என் மேசைக்கு வந்தால் நிருபரைத் திருப்பி அழைப்பேன். குருதிப்பெருக்கு எத்தனை மணிக்குத் தொடங்கியது? உழவு இயந்திரம் எப்போது புறப்பட்டது? முதலில் போன இடத்தில் ஊசி மருந்து இருந்ததா? யார் மறித்தார்கள், எவ்வளவு நேரம்? இந்த நான்கு கேள்விகளுக்கும் அன்று விடை தேடியிருந்தால் ஒரு மரணத்தின் காரணம் பதிவாகியிருக்கும். அந்தத் தாயின் பெயர்கூட அந்தச் செய்தியில் இருக்கவில்லை. நானும் கேட்கவில்லை.