ஈம் கிராமமும் அதன் இரு போதகர்களும்

இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியிலுள்ள மலைக் கிராமம் ஈம். பதினேழாம் நூற்றாண்டில் அவ்வூரார் விவசாயத்தாலும் ஈயச் சுரங்கத் தொழிலாலும் பிழைத்தனர். அங்குள்ள பரிசுத்த லாரன்ஸ் ஆலயத்தின் வளாகத்தில் ஆங்கிலோ-சாக்சன் காலத்துக் கற்சிலுவையொன்று இன்றும் நிற்கின்றது. எனினும், 1665-66ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயை எதிர்கொண்ட விதத்தினாலேயே இக்கிராமம் திருச்சபை வரலாற்றில் இடம்பெற்றது.

1662ஆம் ஆண்டின் ஒருமைப்பாட்டுச் சட்டம், பொது ஜெபப் புத்தகத்தை முழுமையாக ஏற்க மறுத்த குருமாரைப் பணியினின்று விலக்கியது. ஈமில் ஊழியஞ்செய்த தாமஸ் ஸ்டான்லியும் அவ்வாறு விலக்கப்பட்டார். 1664இல் ஆயராக வந்த வில்லியம் மொம்பேசன், முப்பது வயதும் நிரம்பாதவர். ஒருவர் அரசு ஏற்ற போதகர். மற்றவர் அரசு தள்ளிய போதகர். 1665இல் பிறந்த ஐந்து மைல் சட்டமோ, விலக்கப்பட்டவர்கள் உறுதிமொழி எடுத்தாலன்றித் தம் பழைய பங்கை நெருங்கலாகாதெனத் தடுத்தது.

அவ்வாண்டு செப்டம்பரில் ஒரு தையற்காரர் வீட்டில் முதல் மரணம் நேர்ந்தது. லண்டனிலிருந்து வந்த துணியோடு நோய் வந்ததென்பது மரபு. குளிர்காலத்தில் தணிந்த நோய் 1666 கோடையில் கொடிதாயிற்று. அப்பொழுது இரு போதகர்களும் இணைந்து மக்களுக்கு வழிகாட்டினர். ஊரைவிட்டு ஒருவரும் வெளியேறலாகாது. ஆலயத்தை மூடி, திறந்த பள்ளத்தாக்கில் ஆராதனை நடத்தவேண்டும். மரித்தோரை அவரவர் குடும்பத்தாரே அடக்கஞ்செய்யவேண்டும் என்பன தீர்மானங்கள். டெவன்ஷயர் பிரபு உணவளித்து உதவினார். எல்லையில் வைக்கப்பட்ட பொருட்களுக்குரிய காசைக் காடியிலிட்டு வைத்தனர் என்பர்.

எலிசபெத் ஹான்காக் என்பவள் எட்டு நாட்களுக்குள் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே அடக்கஞ்செய்தாள். ஆயரின் மனைவி கேத்தரீன் ஆகஸ்டில் மரித்தார். நவம்பரில் நோய் ஓய்ந்தபோது மாண்டோர் ஏறத்தாழ 260 பேர்.

இவ்வரலாற்றின் பெரும்பகுதி பிற்காலத்தில் எழுதப்பட்டமையால், ஆய்வாளர் சிலர் அதனை ஐயுறுகின்றனர். எலித்தெள்ளுகளால் பரவும் நோய்க்கு ஊரை அடைத்ததே மரணத்தைப் பெருக்கியதென்றும் சிலர் வாதிட்டனர். ஆயினும் மரணப் பதிவுகளை ஆராய்ந்த 2016ஆம் ஆண்டு ஆய்வொன்று, மனிதரிடமிருந்து மனிதருக்கே நோய் பெரிதும் பரவியதெனக் கண்டது. மொம்பேசன் 1666இல் எழுதிய கடிதங்களும் நமக்குக் கிடைத்துள்ளன.

ஆகவே, தியாகத்தின் பயனைக் குறித்து வாதிடலாம். அதன் தன்மையை மறுத்தல் அரிது. பின்னர் ஸ்டான்லியை ஊரைவிட்டு அகற்றச் சிலர் முயன்றபோது, பிரபுவே அவருக்காகப் பரிந்து பேசினார். 1670இல் ஸ்டான்லி மரித்தார். சட்டம் பிரித்த இரு மேய்ப்பரை மந்தையின் துயரம் ஒன்றாக்கிற்று. சபைகளின் ஐக்கியத்தைக் குறித்துப் பேசும் நாம், அவ்வைக்கியம் உடன்படிக்கைத் தாள்களில் மட்டுமன்று, பாடுகளிலும் பிறக்கின்றதென்பதை ஈமிடம் கற்கலாம்.