வாடகை வண்டியும் கட்டண அட்டவணையும்

கடைத்தெருவில் அரிசி வாங்குகிறவன் நாலு கடை ஏறி இறங்கி விலை விசாரிக்கலாம். நடுவழியில், மழையிலோ இரவிலோ, நோயாளி ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு வண்டிக்காகக் காத்து நிற்பவனுக்கு அந்த வசதி இல்லை. வந்த வண்டியே வண்டி. கேட்ட பணமே கூலி. வண்டிக்காரன் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. போகும் வழிக்கு ஆள் கிடைத்தாலும், திரும்பும் வழிக்கு வெறும் வண்டியையே அவன் ஓட்டிவர வேண்டும். இவ்விரு நியாயங்களுக்கும் இடையில் நின்று ஒரு தொகையைச் சொல்ல மூன்றாவது கை ஒன்று வேண்டியிருந்தது. வாடகை வண்டிக்கு அனுமதிப்பத்திரமும் கட்டண அட்டவணையும் பிறந்த கதை இதுவே.

இக்கதையின் பழைய ஏடுகள் லண்டன் மாநகரைச் சேர்ந்தவை. 1662 ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே 400 வண்டிகளுக்கு மாத்திரம் அனுமதி அளித்து, வண்டியொன்றுக்கு ஆண்டுதோறும் 5 பவுண் அறவிட்டது; கூலியையும் அதுவே வகுத்தது. 1847 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மற்றொரு சட்டத்தின் வழியாக, லண்டனுக்கு வெளியேயுள்ள நகரங்களின் சபைகளும் வண்டிகளுக்கு அனுமதி வழங்கவும் கூலியை விதிக்கவும் உரிமை பெற்றன. தூரத்தை அளந்து கூலியைக் காட்டும் கருவியை ஜெர்மானியரான வில்ஹெல்ம் புரூன் 1891 ஆம் ஆண்டில் அமைத்தார். 1907 இல் லண்டன் மோட்டார் வண்டிகளுக்கு அது கட்டாயமாயிற்று. 'டாக்சி' என்ற பெயரே அக்கருவியின் பெயரிலிருந்து சுருங்கியதுதான். வண்டிக்குப் பெயர் கொடுத்தது சக்கரமுமன்று, எந்திரமுமன்று, கட்டணமே.

இலங்கையிலும் ஆங்கிலேயர் இம்முறையையே நட்டனர். 1865 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தினால் கொழும்பிலும் கண்டியிலும் மாநகர சபைகள் அமைந்தன. மாட்டு வண்டி, குதிரை வண்டி, றிக்ஷா ஆகியன தெருவோடும் ஊரோடும் சேர்ந்தவை என்று கருதப்பட்டமையால், அவற்றுக்கு இலக்கமிடுவதும் வரி அறவிடுவதும் ஊர்ச்சபையின் அலுவலாக இருந்தன. மோட்டார் வந்ததும் நிலை மாறியது. மோட்டார் ஓர் ஊருக்குள் அடங்குவதில்லை. காலையில் ஒரு சபையின் எல்லையில் இருப்பது மாலையில் ஐந்தாவது சபையின் எல்லையில் நிற்கும். ஆகவே பதிவும் சாரதி அனுமதியும் மத்திய அரசாங்கத்திடம் சென்றன. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் அவற்றை ஆணையாளர் ஒருவரின் கீழ் நிறுத்தியது. பஸ் வண்டிகளின் போட்டியை 1942 ஆம் ஆண்டின் அனுமதிச் சட்டம் கட்டுப்படுத்த முயன்றது. 1958 ஜனவரி முதலாந் திகதி அவை அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கீழ் வந்தன. அன்றுமுதல் பஸ் பிரயாணத்துக்கு நாடெங்கும் அட்டவணை உண்டு. வாடகைக் காரின் கூலியோ பெரும்பாலும் பேசித் தீர்க்கும் பொருளாகவே எஞ்சியது.

அந்தப் பேச்சு வன்னியிலே எப்படி நடந்தது என்பதற்கு அப்பகுதியின் பூகோளமே சாட்சி. வடபகுதிப் புகையிரதப் பாதை 1905 ஆம் ஆண்டில் வவுனியாவைக் கடந்து யாழ்ப்பாணம் வரை நிறைவேறியது. ஆனால் அது கிழக்கே கடலை நோக்கித் திரும்பவில்லை. மாங்குளத்திலோ பரந்தனிலோ இறங்கியவர் முல்லைத்தீவை அடைய இன்னும் ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தரைவழி செல்ல வேண்டும். பரந்தனிலிருந்து வரும் வீதி தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு ஆகிய ஊர்களைத் தொட்டு, முள்ளிவாய்க்கால் வழியாக வட்டுவாகல் பாலத்தைக் கடக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல். நடுவே ஒற்றைப் பாதை. பஸ் தவறினால் மாற்றுவழி கிடையாது. வாடகைக் காருக்கோ தட்டிவானுக்கோ கொடுக்கும் கூலியை ஊர் வழக்கே தீர்மானித்தது. சாரதியும் பிரயாணியும் ஒருவரையொருவர் அறிந்த ஊரில் அவ்வழக்கு ஓரளவு நேர்மையாகவும் இருந்திருக்கும். அயலூரான் நிலை வேறு.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தினால் பிரதேச சபைகள் உருவாயின. முள்ளிவாய்க்கால் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபையின் எல்லைக்குள் அடங்கியது. அச்சட்டத்தின் வாகன, விலங்கு வரி அட்டவணையைப் படித்துப் பார்ப்பது பயனுள்ளது. சைக்கிளை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் ஆண்டுக்கு 18 ரூபாய், வேறு தேவைக்கானால் 4 ரூபாய். மாட்டு வண்டிக்கு 20 ரூபாய். கைவண்டிக்கு 10 ரூபாய். றிக்ஷாவுக்கு 7 ரூபாய் 50 சதம். யானைக்கு 50 ரூபாய். மோட்டார் கார், மோட்டார் சைக்கிள் முதலியன நீங்கலாக எனத் தெளிவாக எழுதப்பட்டுள்ளது. ஊரில் எவரும் கண்டிராத றிக்ஷாவுக்கு வரி விதிக்கச் சபைக்கு உரிமை உண்டு. வாசலில் நிற்கும் முச்சக்கர வண்டியின் கூலியைத் தொட அவ்வட்டவணை இடந்தரவில்லை. சைக்கிளுக்குத் தகடு கொடுப்பதும், சந்தியில் வண்டிகள் தரித்து நிற்க இடம் ஒதுக்குவதும் சபையின் பங்கு. மற்றவை மாகாணத்துக்கும் கொழும்புக்கும் உரியன.

இச்சட்டம் ஏட்டில் இருந்த ஆண்டுகளிலேயே வன்னி வேறொரு சட்டத்தின் கீழ் வாழ்ந்தது: அது தட்டுப்பாட்டின் சட்டம். 1990 இல் மீண்டும் மூண்ட போரோடு பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோலும் டீசலும் அரிதாயின. எந்திரத்தைச் சில துளி பெற்றோலில் கிளப்பி, பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையை வடபகுதி கற்றது. கூலி என்பது தூரத்தின் அளவாக இல்லாமல், போத்தலில் எஞ்சியிருக்கும் எண்ணெயின் அளவாக ஆயிற்று. கண்டி வீதி 2002 இல் திறந்தபோது எரிபொருளும் புதிய வாகனங்களும் வந்தன. 2006 ஓகஸ்டில் அது மீண்டும் மூடப்பட்டது. 2009 மே மாதத்தில் போர் முள்ளிவாய்க்காலில் முடிந்தபோது, உழவு இயந்திரம் முதல் சைக்கிள் வரை கைவிடப்பட்ட வாகனங்கள் அவ்வீதியோரத்தில் குவிந்து கிடந்தன. ஒரு மாவட்டத்தின் வாழ்நாட் சேமிப்பு அங்கே துருப்பிடித்தது.

மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஊர் திரும்பியவருள் உழைப்புக்கு வழிதேடிய இளைஞர் பலர் லீசிங் முறையில் முச்சக்கர வண்டி எடுத்தனர். அவ்வண்டியின் கூலியில் எண்ணெய்ச் செலவோடு மாதத் தவணையும் வட்டியும் மறைந்திருக்கும். தவணை தவறினால் வண்டி போய்விடும். தவணைக்காகக் கூலியை உயர்த்தினால் பிரயாணி பஸ்ஸுக்குக் காத்திருப்பார். தரிப்பிடத்துச் சாரதிகள் தமக்குள் பேசி வைக்கும் தொகையே இவ்விடத்தில் அட்டவணை. அதைக் குறைகூறுவது எளிது; அதற்குப் பதிலாக வேறு எவர் ஓர் அட்டவணையைத் தந்தார் என்று கேட்பதே நியாயமான கேள்வி.

தரவேண்டிய சபை நீண்டகாலம் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலே இருந்தது. 2011 இல் நாட்டின் பிற பகுதிகளில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, கரைதுறைப்பற்றுக்கும் புதுக்குடியிருப்புக்கும் அது பிற்போடப்பட்டது. 2018 பெப்ரவரி 10 ஆந் திகதியே வாக்களிப்பு நடந்தது. வட மாகாண சபையோ 2013 செப்டெம்பரில் தெரிவாகி 2018 ஒக்டோபரில் காலம் முடிந்து கலைந்தது. ஒரு சபை பிறந்த ஆண்டிலேயே மற்றது ஓய்ந்தது.

பின்னர் 2022 ஆம் ஆண்டின் நெருக்கடி வந்தது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் லீற்றருக்கு 177 ரூபாயாக இருந்த பெற்றோல், ஜூன் இறுதியில் 470 ரூபாயாயிற்று. ஜூலையில் பங்கீடு தொடங்கியபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றரே கிடைத்தது. அந்நாளில் எந்த அட்டவணை எழுதப்பட்டிருந்தாலும் மை உலருமுன் அது பழையதாகியிருக்கும்.

அட்டவணை பழையதாவதனால் நேரும் கேட்டைச் சென்னை நகரம் காட்டுகிறது. தமிழ்நாட்டு அரசு 2013 ஓகஸ்டில் ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீற்றருக்கு 25 ரூபாயும், பின்னர் கிலோமீற்றருக்கு 12 ரூபாயும் விதித்தது. அதற்கு முந்திய விதி 2007 ஆம் ஆண்டினது. 2013 க்குப் பின்னும் எண்ணெய் விலை ஏறிக்கொண்டேயிருக்க, கட்டணம் ஆண்டுக்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றது. மீட்டர் வண்டியில் அலங்காரப் பொருளாயிற்று, பேரம் திரும்பி வந்தது. அங்கே விதிக்க அதிகாரமுள்ள அரசு இருந்தது, ஆயினும் திருத்தவில்லை. வன்னியிலோ திருத்துவதற்கு விதியே இருந்ததில்லை.

2018 இல் தெரிவான பிரதேச சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. மறுபடியும் இரண்டு ஆண்டுகள் செயலாளர்களின் நிர்வாகம். 2025 மே 6 ஆந் திகதி நடந்த தேர்தலின் பின் கரைதுறைப்பற்றில் மீண்டும் உறுப்பினர்கள் அமர்ந்தனர். அவர்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட வரி அட்டவணையில் சைக்கிளும் மாட்டு வண்டியும் யானையும் அதே வரிசையில் இருந்தன.